முப்பத்திரண்டு கிலோமீட்டர் வரைக்கும் எனக்குத் தெரியும்

1

போன வருடம் இதே ஞாயிற்றுக்கிழமை, இங்கே மெல்போர்னில், நான் வேனில் ஏறினேன்.

வேனில் ஏறுவதெல்லாம் விருதுநகர் மாவட்டத்துப் பெண்ணுக்கு ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். நியாயம்தான். காலை ஏழு மணிக்கு எந்த ஊர் விலக்கில் நின்றாலும் பட்டாசுக் கம்பெனி வேன் நாலைந்து கடந்து போகும். நான் ஏறியது வேறு வகை வேன். மாரத்தான் ஓட்டத்தில் கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேன் ஊர்ந்துகொண்டே வரும். இனி முடியாது என்று உட்கார்ந்துவிட்டவர்களை அது ஏற்றிக்கொள்ளும். மொத்தம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். முப்பத்திரண்டாவதில் நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன், எழ முடியவில்லை. வேன் ஓட்டி வந்த பெண் இறங்கி, ஒரு கம்பளியைப் போர்த்தி, அன்பாகத்தான் ஏற்றினார். உள்ளே ஏற்கெனவே ஆறு பேர் இருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இதை என் வீட்டாரையும் எங்கள் ஓட்டக் குழுவையும் தவிர மூன்று மாதம் வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததால் என்னவெல்லாம் ஆனது என்று எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக ஓட நினைப்பவர்களுக்கு இதில் உபயோகமானது ஒன்றிரண்டு கிடைக்கும். கிடைக்காவிட்டால் சிரிப்பாவது வரும்.

2

நான் எப்படி ஓட வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வம்சத்தில் யாரும் ஓடியதில்லை. சிவகாசியில் அப்பாவுக்குக் காகித வியாபாரம். பக்கத்து டீக்கடைக்குக்கூட டிவிஎஸ் வண்டியில்தான் போவார். நடந்து போனால் கடன்காரனுக்குப் பயந்து ஓடுவதாக நினைப்பார்களாம்.

இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டிவிடுவது. ஊரில் கேட்டால் 'ஆஸ்பத்திரியில பெரிய வேலை' என்பார்கள். நானும் மறுத்ததில்லை. என் மகள் யாழினிக்குப் பத்தொன்பது வயதானபோது, கல்லூரிக்குப் பக்கத்தில் தோழிகளோடு தங்கப் போகிறேன் என்று வீட்டைவிட்டுப் போனாள். சண்டை இல்லை, கோபம் இல்லை. இங்கே எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். ஆனால் பத்து வருடமாக அவளை வகுப்புக்கு ஏற்றிப்போன சனிக்கிழமைக் காலைகள் எனக்குச் சும்மா கிடந்தன. என் வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து தூங்குவார். ஒருநாள் பூங்காவில் சும்மா உட்கார்ந்திருந்தேன். குண்டும் ஒல்லியுமாக ஒரு கூட்டம் மெதுவாக ஓடிப் போனது. அதில் ஒரு அம்மா என்னைப் பார்த்து, உட்கார்ந்திருக்கிறதுக்கு எங்களோடு வந்தால்தான் என்ன என்று கேட்டாள். செருப்போடு இருந்தேன். அடுத்த வாரம் ஷூவோடு போனேன்.

அவள் பெயர் கிளெண்டா. பஸ் ஓட்டுகிறாள், என் வயதுதான். அந்தக் குழுவில் பயிற்சியாளர் என்று தனியாக ஒருவரும் கிடையாது. ஏற்கெனவே ஒருமுறை விழுந்து எழுந்தவர்கள், இனிமேல் விழப்போகிறவர்களுக்குச் சொல்வார்கள். அவ்வளவுதான். முதல் விதி, பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடியவில்லை என்றால் வேகம் அதிகம், குறை.

இதில் எனக்கு ஒரு சிக்கல். நின்றுகொண்டிருக்கும்போதே எனக்கு ஆங்கிலத்தில் முழு வாக்கியம் வராது. பாதியில் நின்று வார்த்தை தேடினால் கிளெண்டா 'மல்லி, வேகத்தைக் குறை' என்பாள். வேகம் சரியாகத்தான் இருந்தது, இலக்கணம்தான் மூச்சு வாங்கியது. கடைசியில் அவளே, உன் மொழியில் பேசு, நாங்கள் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறோம் என்றாள். அதன் பிறகு வாராவாரம் ஆற்றங்கரையில் ஏழெட்டு வெள்ளைக்காரர்களுக்கு நடுவே, குழம்பில் புளி கூடிப்போன கதையையெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டு ஓடினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அதைவிட நல்ல சனிக்கிழமைகள் எனக்கு இந்த நாட்டில் வாய்த்ததில்லை.

3

பேசிக்கொண்டே ஓடு என்று ஒரு வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். ஓட்டத்தன்று அதை மறந்தேன். அதற்குக் காரணம் அப்பா.

இந்த நாட்டு அலுவலகங்களுக்கு முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் வேண்டும். எனக்குக் கடைசிப் பெயர் அப்பா பெயர், தங்கராஜ். வங்கியில் தங்கராஜ், மின்சாரக் கட்டணத்தில் தங்கராஜ், பல் டாக்டரின் வரவேற்பறையில் 'தங்கராஜ்' என்று கூப்பிட்டால் நான் எழுந்து போவேன். மாரத்தான் நம்பர் அட்டையிலும் பெரிய எழுத்தில் அதைத்தான் அச்சடித்திருந்தார்கள். அட்டையில் இருக்கும் பெயரைப் படித்துக் கைதட்டுவது இங்கே வழக்கம். தெரு நெடுக நின்ற ஜனம் என்னைப் பார்த்து, 'வா தங்கராஜ், விடாதே தங்கராஜ்' என்று கத்தியது.

அப்பா இறந்து அப்போது இரண்டு வருடம். சாவுக்கு நான் போய்ச் சேரவில்லை, டிக்கெட் கிடைத்தது மூன்றாவது நாள்தான். அந்தப் பெயரை அத்தனை பேர் சந்தோஷமாகக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. கண் நிறைந்துவிட்டது, கால் தானாக வேகம் எடுத்தது. கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்று வைத்திருந்த கணக்கு ஆறரை ஆனது. கிளெண்டா பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தது, நான் திரும்பவில்லை. இருபது வரை பறந்தேன். இருபத்தாறில் தொடை இறுகியது. முப்பதில் யாழினி ஆரஞ்சுச் சுளையோடு நின்றாள். வாங்கக் கை நீட்டினேன், விரல் மூடவில்லை. மிச்சம்தான் சொன்னேனே, வேன்.

4

இனி அண்ணன் விஷயம். அண்ணன் பாலு சிவகாசியில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறான். தினசரி காலண்டர்தான் அவனுக்குச் சீசன் வேலை. ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு நம்பர் அட்டை வாங்கப் போனபோது, ஓட்டத்தின் முடிவுக் கோடு மாதிரி ஒரு வளைவு வைத்து எல்லோரையும் போட்டோ எடுத்தார்கள். நானும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். அண்ணனுக்கு அனுப்பினேன், 'நாளை மறுநாள் ஓட்டம்' என்று எழுதியும் அனுப்பினேன். அவன் போட்டோவை மட்டும் பார்த்தான்.

சிவகாசிக்காரனுக்கு அடுத்த வருடம் என்பது இந்த வருடம் புரட்டாசியிலேயே முடிந்துபோன விஷயம். வராத பொங்கலை அச்சடித்து, வராத தீபாவளியை அச்சடித்து, பசை போட்டு, லோடு ஏற்றி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பான். தங்கை ஓடி முடிக்க இரண்டு நாள் மிஷினை நிறுத்துவானா? கம்பெனிப் பெயரில் இலவசமாகக் கொடுக்கும் காலண்டர் அட்டையில் என் படத்தைப் போட்டு, 'ஆஸ்திரேலியாவில் 42 கிலோமீட்டர் மாரத்தான் ஓடி முடித்த எங்கள் வீட்டு மல்லிகா' என்று அடித்துத் தள்ளிவிட்டான்.

ஓட்டம் முடிந்த அன்று சாயங்காலம், காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு அவனுக்குப் போன் செய்தேன், நடந்ததைச் சொல்லத்தான். அவன் எடுத்த எடுப்பிலேயே, "ஏ மல்லி, ஓடியாச்சா? இங்கன பிரிண்டு முடிஞ்சு லோடு சாத்தூர் தாண்டியாச்சு. ஊரு பூராவும் ஒன் மூஞ்சிதான். அப்பா இருந்தா எம்புட்டுச் சந்தோசப்பட்டிருப்பாரு" என்றான்.

நான் 'ம்' என்றேன். ஒரே ஒரு 'ம்'. யாழினி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போய் எனக்குத் துண்டு எடுத்து வந்தாள்.

5

டிசம்பரில் இரண்டு மாத விடுப்பில் ஊருக்குப் போனேன். அப்பா பெயரில் கிடந்த துண்டு நிலம் ஒன்றை எங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கான மனுவோடு விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் இருக்கும் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனேன். பாஸ்போர்ட், அதன் நகல், நகலுக்கு ஒரு கையெழுத்து, பிறந்த ஊருக்கு ஒரு சான்று என்று ஒரு பை நிறையக் காகிதம் வைத்திருந்தேன். நான்தான் நான் என்பதற்கு அத்தனை சாட்சி. அங்கே இருந்த அலுவலர் அம்மா எதையும் பிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுவரில் நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"நீங்கதான அது? உக்காருங்க, உக்காருங்க. ஒங்களப் பாத்துத்தான் நாங்க ஒம்போது பேரு காலையில ஓடுறோம்" என்றார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அலுவலகத்துக்கு முன்னால் உள்ள அகலமான ரோட்டில் அந்த ஒன்பது பேரையும் பார்த்தேன். இரண்டு டீச்சர், ஒரு நர்ஸ், பலசரக்குக் கடைக்கார வீட்டம்மா ஒருத்தி, இப்படி. மதுரையில் ஏழு வாரம் கழித்து நடக்கும் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். எட்டுப் பேர் பத்துக்கும் இருபத்தொன்றுக்கும். ஒருத்தி மட்டும் நாற்பத்திரண்டுக்கு.

அவள் பெயர் வேலம்மா. வயது முப்பத்தொன்பது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற வேலை, பதினெட்டு வருடமாக. தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருந்த நாளெல்லாம் ஓடிப் பழகியிருக்கிறாள். மகளுடைய பள்ளிக்கூட ஷூ, சுடிதாருக்கு மேல் ஒரு துண்டு. ஏழு மணிக்கு வேன் வருவதற்குள் ஓடி, குளித்து, சாப்பாட்டுத் தூக்கோடு விலக்கில் நிற்பாள்.

"எடுத்த எடுப்புல முழு ஓட்டமா? இருபத்தொண்ணு ஓடிப் பாத்துட்டுப் போகலாம்ல?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்கு நாப்பத்தேழு வயசுன்னு காலண்டர் குடுத்த அண்ணாச்சி சொன்னாக. நாப்பத்தேழு வயசுல நீங்க மொதத் தடவையே முடிச்சிருக்கீக. எனக்கு முப்பத்தொம்போதுதான" என்றாள்.

நான் ஷூவின் கயிற்றைக் கட்டுகிறவள் மாதிரிக் குனிந்துகொண்டேன்.

ஓட ஆரம்பித்ததும் அவள் போன போக்கில் என் பழைய ஓட்டத்தைப் பார்த்தேன். விசில் அடித்த மாதிரிப் பாய்ந்தாள். முதல் ஐந்து கிலோமீட்டரில் எங்கள் எல்லோரையும் விட்டுவிட்டுப் போனாள், எட்டாவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன் இப்படி என்று கேட்டால் அவளிடம் பதில் தயாராக இருந்தது. "எங்க வேலையெல்லாம் காலைக் குளிர்ச்சியில தான் அக்கா. வெயில் ஏறிருச்சுன்னா வெடி மருந்துப் பக்கம் கை வைக்கக் கூடாது. பதினோரு மணிக்குள்ள அன்னைக்கு வேலையில முக்காவாசி முடிஞ்சிரணும். ஓட்டமும் அப்படித்தான. வெயிலுக்கு முந்தி பாதிய முடிச்சிட்டா மிச்சத்தத் தள்ளிரலாம்."

கிளெண்டாவுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பட்டாசு மாவட்டத்தில் வேலை பழகிய உடம்பு மட்டும்தான் இப்படி ஒரு கணக்கைப் போடும். பதினெட்டு வருடம் அவளைக் காப்பாற்றிய கணக்கு அது. அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெதுவாக ஆரம்பி, முதல் பாதியை மிச்சம் பிடி, ஒன்பது நிமிடம் ஓடினால் ஒரு நிமிடம் நட, தாகம் எடுப்பதற்கு முன்னால் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு குடி என்று கிளெண்டா சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். வேலம்மா மட்டும், "நீங்க எப்படி ஆரம்பிச்சீக?" என்றாள்.

"மெதுவாத்தான்" என்றேன். இரண்டாவது பொய்.

அன்று அலுவலர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். "பாத்துக்கோங்க. இந்த ஒம்போது பேரும் வீட்டுல கெஞ்சிக் கூத்தாடித்தான் வர்றோம். இவ ஒருத்தி அங்கன மயங்கி விழுந்தான்னு வைங்க, பேப்பர்ல வரும். மறுநாள் ஒம்போது பேரையும் வீட்டுக்குள்ள அடைச்சிருவாக."

6

அதற்குப் பிறகு இரண்டு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொரு காலையும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். போனதும் யாராவது ஒருத்தி செல்பி எடுக்கக் கூப்பிடுவாள், வந்துவிடுவேன். கோழை என்றால் கோழைதான், வேறு என்ன சொல்ல.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சூலக்கரையிலிருந்து நாலுவழிச் சாலையின் ஓரமாகவே சாத்தூர் வரை ஓடிவிட்டு, பஸ்ஸில் திரும்புவது என்று திட்டம். நானும் வேலம்மாவும் ஓடினோம். நர்ஸ் ஸ்கூட்டியில் தண்ணீர் கொண்டுவந்தாள். வேலம்மா வழக்கம்போல முன்னால் போய்ச் சின்னப் புள்ளி ஆனாள். பதினெட்டாவது கிலோமீட்டர் வாக்கில் நான் போய்ச் சேர்ந்தபோது, ஒரு சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "ஒங்கள மாதிரி எனக்கு உடம்பு இல்லக்கா. நான் லாயக்கில்ல" என்றாள்.

இதற்கு மேல் எப்படிச் சும்மா இருப்பது? பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வேலம்மா, நான் ஓடி முடிக்கல. முப்பத்திரெண்டுலயே உக்காந்துட்டேன். வேன்ல ஏத்திட்டு வந்தாங்க. காலண்டர்ல இருக்கறது பொய்" என்றேன்.

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நர்ஸ் தண்ணீர் பாட்டிலை மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலம்மா என்னையே பார்த்தாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாகக்கூட இருந்திருக்கும்.

"எங்கன வலிச்சது மொதல்ல?" என்று கேட்டாள்.

"தொடையில. இருபத்தாறுல."

"இருபத்தாறுக்கு முந்தி ஒண்ணுமே தெரியலயா?"

"தெரியல. நல்லாத்தான் இருந்துச்சு. அதான் மோசம். நல்லா இருக்குன்னு நெனச்சு வேகமாப் போனேன்."

"நீங்களும் மொதல்ல பறந்தீகளா?"

"உன்னவிட மோசம்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நர்ஸும் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. அதன் பிறகு வேலம்மா கேள்வியாகக் கேட்டுத் தள்ளினாள். தண்ணீர் எப்போது குடித்தீர்கள், விரல் மரத்துப்போனதா, வேனில் ஏறும்போது யாராவது சிரித்தார்களா, மறுநாள் வேலைக்குப் போனீர்களா. மூன்று வாரமாக நான் சொன்ன எந்த விதியையும் அவள் இப்படிக் கேட்டதில்லை. ஓடி முடித்தவள் சொன்னது அவளுக்கு வெறும் பேச்சு. விழுந்தவள் சொன்னதில்தான் அவளுக்குத் தேவையானது இருந்தது.

பேசிக்கொண்டே ஓடும் விதியையும் அப்போதுதான் மறுபடி சொன்னேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இத மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல. எங்க ரூம்புல நாலு பேரு. வேல பாக்கையில எங்களுக்குள்ள பேச்சு ஓடிக்கிட்டே இருக்கணும். ஒருத்தி பேச்ச நிப்பாட்டிட்டான்னா அவ கை வேகம் எடுத்திருச்சுன்னு அர்த்தம். ஒடனே பேரச் சொல்லிக் கூப்புடுவோம். பதில் சொன்னா கை தானாக் கொறைஞ்சிரும். பதினெட்டு வருசமா எங்க ரூம்புல ஒரு பொறி பறந்தது இல்ல."

சாத்தூர் வரை மிச்சத்தை நடந்தே போனோம். பஸ் ஏறுவதற்கு முன், "மத்தவுககிட்டயும் சொல்லிருங்கக்கா. அவுகளுக்கும் தைரியம் வரும்" என்றாள்.

சொன்னேன். அலுவலர் அம்மா கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அதில் தப்பில்லை. மறுநாள் அவரே, இனி நாம் பத்துப் பேர், நீங்களும் வேலம்மாவோடு மதுரையில் ஓடுங்கள் என்று என் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார்.

அண்ணனிடம் சொன்னதுதான் கஷ்டம். அச்சகத்தில் மிஷின் சத்தத்துக்கு நடுவே நின்று சொன்னேன். அவன் மிஷினை நிறுத்தச் சொன்னான். நாற்காலியில் உட்கார்ந்து என் காலைப் பார்த்தான்.

"அன்னைக்குப் போன்லயே சொல்லிருக்கலாம்ல பிள்ள. நான் என்ன, ஒன்னய அடிக்கவா போறேன்?" என்றான்.

"லோடு போயிருச்சுன்னு சொன்னியேண்ணே."

"லோடு கெடக்கு. காலு வலிச்சதா?"

இந்த மனிதனிடம் போய் மூன்று மாதம் மறைத்தேனே என்று எனக்கு என்மேல்தான் கோபம் வந்தது.

7

மதுரையில் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். ஏழு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் எட்டுப் பேரும் அவரவர் தூரத்தை முடித்துவிட்டு முடிவில் காத்திருப்பதாகப் பேச்சு. நர்ஸ் வேலம்மாவின் குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். வேலம்மாவின் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவள் விழுவாளா என்று பார்க்கத்தான் அவர் வந்திருக்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதல் கிலோமீட்டரில் எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், தாத்தாக்கள், துருத்தி மாதிரி மூச்சு விட்ட ஒரு போலீஸ்காரர். வேலம்மாவின் கால் பரபரத்தது. "வேலம்மா" என்பேன், "ம், இருக்கேன்" என்பாள், கால் அடங்கும். ஒன்பது நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. அவள் கம்பெனிக் கதையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். வேனில் ஜன்னல் சீட்டுக்கு நடக்கும் சண்டை, ஒருத்தி காதலித்து மாட்டிக்கொண்டது, ஆர்டர் கூடும்போது கண்காணிப்பாளர் திடீரென்று எல்லோரையும் 'தாயி' என்று கூப்பிடுவது. இருபத்தொன்று தாண்டியபோது வெயில் வந்துவிட்டது. இருபத்தாறில் என் தொடையைத் தொட்டுப் பார்த்தேன், இருந்தது. அந்தப் போலீஸ்காரர் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். கடலை மிட்டாய் ஒன்று கொடுத்துவிட்டுத் தாண்டினோம்.

முப்பத்திரண்டு என்று எழுதிய பலகையைப் பார்த்ததும் நான் ஓட்டத்தை விட்டு நடந்தேன்.

"வேலம்மா, எனக்கு இதுவரைக்கும்தான் தெரியும். இதுக்கு மேல எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியாது" என்றேன்.

"தெரியாதா? சரி, அப்ப இனிமே நான் கூட வர்றேன்" என்றாள், அதுவரை நான்தான் அவளோடு வந்தேன் என்பதைப் போல.

முப்பத்தைந்துக்குப் பிறகு நான் பேச்சை நிறுத்திவிட்டேன். நிறுத்தியதே எனக்குத் தெரியவில்லை. வேலம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அக்கா என்று இல்லை, பெயரைச் சொல்லி, ரூமில் கூப்பிடுகிற மாதிரி.

"மல்லிகா. பேச்சக் காணோம். எதாச்சும் சொல்லுங்க. அங்கன எப்படி இருக்கீகன்னு சொல்லுங்க. நல்லா இருக்கேன்னு சொல்லாதீக, அது ஒரு வார்த்தையில முடிஞ்சிரும்."

சொன்னேன். அது நடந்தவிதம் எனக்கே ஆச்சரியம். இருபத்தோரு வருடமாகப் போனில் ஊருக்குச் சொன்னதெல்லாம் நல்லா இருக்கேன் என்ற ஒன்றுதான். அந்த வெயிலில், நாக்கு ஒட்டிக்கொள்ள, ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் பெரிய வேலை ஒன்றும் இல்லை, கிழவர்களுக்குக் கால் கழுவிவிடுகிறேன் என்றேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை, சொல்லாததில்தான் வெட்கம் என்றேன். சமையலறையில் தனியாக நின்றுகொண்டே சாப்பிடுவதைச் சொன்னேன். அப்பா செத்த அன்று ஷிப்டுக்குப் போனதைச் சொன்னேன். அவள் "ம்" கொட்டிக்கொண்டே வந்தாள். நடந்தோம், ஓடினோம், எது எது என்று பிரிக்கத் தெரியாத வேகம். பின்னால் வேன் சத்தம் கேட்டது, நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்பதில் யாழினியைப் பற்றி ஆரம்பித்தேன்.

"அவ தனியாப் போறப்ப ஒரு குக்கர் வாங்கிக் குடுத்தேன். மஞ்சத்தூள், மொளகாத்தூள் எல்லாம் டப்பாவுல போட்டு, ஒவ்வொண்ணுலயும் பேரு எழுதிக் குடுத்தேன். ரெண்டு மாசம் கழிச்சுச் சொல்லாமப் போனேன், சாம்பார் கொண்டுட்டு. அங்கெல்லாம் வேண்டாத சாமானை வீட்டுக்கு வெளியில வச்சிருவாங்க. யாரு வேணாலும் எடுத்துக்கலாம்."

"ம்."

"குக்கர் வெளியில இருந்துச்சு. டப்பாவும். ஒண்ணக்கூடத் தெறக்கல."

"அய்ய. பெறகு?"

"நான் கார்லயே உக்காந்திருந்தேன். அவ ஜன்னல்ல தெரிஞ்சா. சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தா யார்கிட்டயோ. உள்ள போகல."

"பெறகு?"

எங்கேயோ கைதட்டல் கேட்டது. யாரோ என் பெயரையும் அவள் பெயரையும் கத்தினார்கள். அலுவலர் அம்மாவின் குரல் மாதிரி இருந்தது. தரையில் ஏதோ பட்டையாக ஒன்றை மிதித்துக் கடந்தோம். நான் வேலம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாத்தையும் எடுத்து வண்டியில வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இன்னைக்கு வரைக்கும் கேக்கல."

"பெறகு என்ன செஞ்சீக?"

"பெறகு ஒண்ணும் இல்ல. அந்தக் குக்கர்லயே சோறு வச்சேன். அழுதேன்."

வேலம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத அவகிட்டயும் சொல்லிருங்க" என்றாள்.

அப்படியே கொஞ்ச தூரம் நடந்தோம். பின்னாலிருந்து யாரோ மூச்சு வாங்க ஓடிவந்து, "அம்மா, நில்லுங்க. ஓட்டம் முடிஞ்சு ரொம்ப தூரம் வந்துட்டீக. மெடல் வாங்கிட்டுப் போங்க" என்றார். திரும்பிப் பார்த்தால் அது வேலம்மாவின் வீட்டுக்காரர்.